ஒரு ஸ்பேனருக்கு ஐயாயிரம் ரூபாயா? – டார்க் ரென்ச் வாங்கும் முன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



சென்ற மாதம் புள்ளலூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், உள்கடன் தவணை எல்லாம் முடிந்து தீர்மான நோட்டை மூடப் போகும் நேரத்தில் ஒரு உறுப்பினர் எழுந்தார். டூவீலர் ரிப்பேர் பயிற்சி முடித்து, ரோட்டோரம் தகரக் கொட்டகையில் சொந்தமாக சர்வீஸ் கடை போட்டிருக்கும் தங்கை அவர்.

"எனக்கு ஐயாயிரம் ரூபா உள்கடன் வேணும். டார்க் ரென்ச் வாங்கணும்" என்றார்.

"அப்படின்னா என்னம்மா?"

"நட்டு முடுக்குற ஸ்பேனர்தாங்க்கா. ஆனா எவ்ளோ முடுக்குனோம்னு அளந்து சொல்லும்."

"ஒரு ஸ்பேனருக்கு ஐயாயிரமா? எங்க வீட்டுக்காரரு டிராக்டருக்கே முந்நூறு ரூபா ஸ்பேனர்தான் வெச்சிருக்காரு!"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தங்கை மட்டும் சிரிக்கவில்லை. ஊக்குநர் எங்கள் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க மேடம், இது தேவையா?" என்று கேட்டார். தேவைதான் என்று சொன்னோம். ஆனால் ஏன் தேவை, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் முழுசாக விளக்க முடியவில்லை. குழுப் பணம் என்பது வாரா வாரம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். கேள்வி கேட்பது உறுப்பினர்களின் உரிமை. அதற்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்

அந்தத் தங்கை கடை தொடங்கியபோது சாமான் வாங்க நாங்களும் கூடப் போனோம். கடைத்தெருவில் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு ஒரு டார்க் ரென்ச் காட்டினார்கள். பளபளவென்று பெட்டி, ஏதோ வெளிநாட்டுப் பெயர். 28-லிருந்து 210 வரை அளவு போட்டிருந்தது. "பாருங்க, எவ்வளவு பெரிய அளவு வரைக்கும் போகுது. சின்னது பெரிசு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்" என்றார் கடைக்காரர். நாங்களும் நம்பி வாங்கிக் கொடுத்தோம். சான்றிதழ் கேட்கவில்லை, எந்த நட்டுக்கு எவ்வளவு என்று யோசிக்கவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பக்கத்து ஊர் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரின் ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்றினார். ஆயில் இறக்கும் போல்ட்டைத் திரும்ப முடுக்க அந்த வண்டிக்கு 20-க்குக் கொஞ்சம் மேலேதான் அளவு. ரென்ச்சோ 28-இல்தான் தொடங்குகிறது. கைப்பிடியை அதற்கும் கீழே திருப்பி வைத்து, 'டிக்' என்று சத்தம் வரும் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். சத்தம் வரவில்லை. மரைதான் போனது. இன்ஜின் அடிப்பாகம் அலுமினியம். காஞ்சிபுரத்தில் லேத்துக்கு எடுத்துப் போய் புது மரை போட்டு வர மூன்று நாள் ஆனது. செலவு முழுவதும் தங்கை தலையில். அந்த மூன்று நாளும் அங்கன்வாடி அம்மா பஸ்ஸுக்கு நின்றார்.

அதைவிட வலித்தது ஊர்ப் பேச்சு. "பொம்பளப் புள்ள கை. அதான் இப்படி ஆச்சு" என்றார்கள். கையில் ஒரு குறையும் இல்லை. வேலைக்குப் பொருந்தாத கருவியை வாங்கிக் கொடுத்த நாங்கள்தான் காரணம்.

டார்க் என்றால் என்ன?

டார்க் என்பது திருப்பும் விசை. நம் வீட்டு உலக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையைச் சுவரில் இறுக்கிப் படுக்கையாக நீட்டி வைத்து, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 10 லிட்டர் தண்ணீர் வாளியைத் தொங்க விட்டால் என்ன ஆகும்? சுவரில் இருக்கும் முனையை அந்த வாளி திருப்பப் பார்க்கும். அந்தத் திருப்பும் விசை சுமார் 98 நியூட்டன் மீட்டர். அதே வாளியை அரை மீட்டரில் தொங்க விட்டால் பாதிதான், 49.

இதில் இரண்டு விஷயம் புரியும். ஒன்று, எடையை மட்டும் பார்த்தால் போதாது, தூரத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு, கைப்பிடி நீளமாக இருந்தால் குறைந்த பலத்திலேயே நட்டு முடுங்கும். ஆகவே நட்டு முடுக்குவது ஆண் பலமா, பெண் பலமா என்ற பேச்சுக்கே இடமில்லை. சரியான அளவு எவ்வளவு, அந்த அளவில் நிறுத்தினோமா என்பதுதான் கேள்வி. அரிசியை ஒருவர் குத்துமதிப்பாகவும் இன்னொருவர் தராசிலும் அளந்தால் நாம் யாரிடம் வாங்குவோம்?

ஏன் அளந்து முடுக்க வேண்டும்?

போல்ட்டை முடுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபடுகிறது. இழுத்த ஸ்பிரிங் திரும்பச் சுருங்கப் பார்ப்பது போல அதுவும் சுருங்கப் பார்க்கிறது. அந்தப் பிடிதான் இரண்டு பாகத்தையும் சேர்த்து வைக்கிறது.

குறைவாக முடுக்கினால் பிடி பத்தாது. நம் ஊர் ரோட்டில் வண்டி அதிர அதிர நட்டு தானாகக் கழன்று வரும். அது சக்கரத்து நட்டாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதிகமாக முடுக்கினால் போல்ட் நீண்டு அப்படியே நின்றுவிடும், அல்லது உடையும், அல்லது அலுமினிய மரை பிய்ந்துவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. நாம் கொடுக்கும் திருப்பு விசையில் பெரும்பகுதி உரசலிலேயே போய்விடுகிறது. பாதி போல்ட் தலைக்கு அடியிலும், இன்னும் நாற்பது சதம் போல மரையிலும் செலவாகிறது. உண்மையான பிடிக்குக் கிடைப்பது சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆகவே மரையில் மண், துரு இருந்தால் ரென்ச் சரியான அளவைக் காட்டினாலும் பிடி குறைவாக இருக்கும். மரையில் எண்ணெய் பட்டிருந்தால் அதே அளவில் பிடி கூடிவிடும். துடைத்துச் சுத்தம் செய்து முடுக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வண்டிப் புத்தகத்தில் எண்ணெய் அல்லது கிரீஸ் போடச் சொல்லியிருந்தால் மட்டும் போடலாம்.

இது புதுசு இல்லை, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் கான்ராட் பார் என்பவர் வேலை பார்த்தார். பூமிக்கு அடியில் போகும் குழாய்களை இணைக்கும் போல்ட்டுகளை வேலையாட்கள் ஆளுக்கொரு விதமாக முடுக்கினார்கள். அதைத் தடுக்க அவர் செய்த கருவியிலிருந்துதான் இந்த ரென்ச் வந்தது என்று சொல்கிறார்கள். குடிநீர்க் குழாய்ப் பிரச்சினையில் பிறந்த கருவி!

இன்று நம் மாவட்டத்திலேயே இது அன்றாடப் பொருள். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ நிசான் ஆலையும், 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. அவற்றைச் சுற்றி எத்தனையோ உதிரிபாகக் கம்பெனிகள். காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகும் நம் பெண் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். "டார்க் வெச்சியா, மார்க் போட்டியா" என்பது லைனில் தினமும் கேட்கிற கேள்வி. வேலை முடிந்த போல்ட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். கம்பெனியில் வண்டி செய்யும்போது ஒவ்வொரு முக்கிய போல்ட்டையும் அளந்து முடுக்குகிறார்கள். அதே வண்டி நம் ஊரில் சர்வீஸுக்கு வந்தால் மட்டும் குத்துமதிப்பு போதுமா?

நம்மிடம் வண்டிகளும் கூடிவிட்டன. 2018 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம் கிடைத்தது. அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் அப்போது வாங்கிய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. பிள்ளையை முன்னால் நிறுத்திக்கொண்டு நாம் ஓட்டும் வண்டிகள் அவை.

எத்தனை வகை?

1. முள் வகை: நீளமான கம்பியும் ஒரு முள்ளும் இருக்கும். இழுக்க இழுக்க முள் அளவைக் காட்டும். விலை குறைவு, கெட்டுப்போக அதிகம் ஒன்றும் இல்லை. ஆனால் முள்ளை நேராகப் பார்த்துப் படிக்க வேண்டும். வண்டிக்கு அடியில், இருட்டில் பார்ப்பது கஷ்டம்.

2. கிளிக் வகை: கைப்பிடியைத் திருப்பி வேண்டிய அளவை வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று சத்தம் வரும், கையிலும் ஒரு தட்டுத் தட்டும். சர்வீஸ் கடைக்கு இதுதான் வசதி. உள்ளே ஸ்பிரிங் இருப்பதால் பத்திரமாக வைக்க வேண்டும்.

3. டயல் வகை, டிஜிட்டல் வகை: கடிகாரம் போலவோ எண்ணிலோ அளவு காட்டும். விலை அதிகம். டிஜிட்டலில் பேட்டரி மாற்ற வேண்டும், தண்ணீர் படக் கூடாது. தொடங்கும் கடைக்குத் தேவையில்லை.

நடுத்தரப் பட்ஜெட்டில் வாங்குபவர்களுக்கு நாங்கள் சொல்வது கிளிக் வகை. பணம் இல்லவே இல்லை என்றால் நல்ல முள் வகை வாங்கலாம். பெயர் தெரியாத, சான்றிதழ் இல்லாத கிளிக் வகை வேண்டவே வேண்டாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

முதல் கேள்வி: என் வேலைக்கு எந்த அளவு?

இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். மூட்டை எடை போடும் பிளாட்பாரத் தராசில் மூக்குத்தி எடை பார்க்க முடியாது. டார்க் ரென்ச்சும் அப்படித்தான். ஒரு ரென்ச்சின் மேல் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே அதை நம்பக் கூடாது. 210 வரை போகும் ரென்ச் என்றால் 42-க்குக் கீழே உள்ள வேலைக்கு அது சரிப்படாது.

சாதாரண எஃகு போல்ட்டுகளுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு இது (தலையில் 8.8 என்று எண் இருக்கும் போல்ட்):

தண்டு 6 மி.மீ. – சுமார் 10 நியூட்டன் மீட்டர்
தண்டு 8 மி.மீ. – சுமார் 25
தண்டு 10 மி.மீ. – சுமார் 49
தண்டு 12 மி.மீ. – சுமார் 85

இங்கே சொல்வது போல்ட் தண்டின் கனம், ஸ்பேனர் நம்பர் இல்லை. 10-ஆம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட்டின் தண்டு பொதுவாக 6 மி.மீ.தான். பல பேர் இதைக் குழப்பிக்கொண்டு 10 மி.மீ. கணக்கில் முடுக்கி உடைக்கிறார்கள். அலுமினியத்துக்குள் போகும் போல்ட்டுக்கு அளவு இன்னும் குறையலாம். எப்போதும் அந்தந்த வண்டியின் புத்தகம் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

டூவீலர் கடைக்கு முதலில் வாங்க வேண்டியது 3 நூல் (3/8 இஞ்ச்) சதுர முனை உள்ள, 10-லிருந்து 60 வரை அல்லது அதற்கு ஒட்டிய அளவுள்ள ரென்ச். ஆயில் போல்ட், பிரேக் போல்ட், பல வண்டிகளின் ஸ்பார்க் பிளக் எல்லாம் இதில் வரும். பெரிய ஆக்ஸில் நட்டுகளுக்கு 4 நூல் (அரை இஞ்ச்) ரென்ச், 40-லிருந்து 200 வரை உள்ளது வேண்டும். அது வருமானம் வந்த பிறகு. டிராக்டர், டிரெய்லர் சக்கரத்துக்கு அதைவிடப் பெரியது. எல்லாவற்றுக்கும் ஒரே ரென்ச் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: எந்தக் கணக்கில் அளவு போட்டிருக்கிறது?

நியூட்டன் மீட்டர், கிலோ மீட்டர் கணக்கு, அடி பவுண்டு கணக்கு என்று மூன்று உண்டு. (இங்கே கிலோ மீட்டர் என்றால் தூரம் இல்லை, ஒரு மீட்டர் தூரத்தில் தொங்கும் கிலோ.) ஒரு கிலோ மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். ஒரு அடி பவுண்டு என்பது 1.36 நியூட்டன் மீட்டர். புத்தகத்தில் 25 நியூட்டன் மீட்டர் என்று இருக்க, நாம் அடி பவுண்டு பக்கத்தில் 25 வைத்தால் உண்மையில் 34 ஆகிவிடும். மரை போக இது போதும். நியூட்டன் மீட்டர் கோடுகள் தெளிவாக, அழியாதபடி வெட்டிப் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கரில் அச்சடித்திருந்தால் வேண்டாம்.

மூன்றாவது கேள்வி: சான்றிதழ் இருக்கிறதா?

ரேஷன் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை அரசு முத்திரை போடுகிறார்கள். டார்க் ரென்ச்சுக்கு அப்படி யாரும் கடைக்கு வந்து முத்திரை போட மாட்டார்கள். நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கென்று ஐ.எஸ்.ஓ. 6789 என்ற உலகத் தரவிதி உண்டு. அதன்படி கிளிக் வகை ரென்ச் 4 சதத்துக்கு மேல் தவறக் கூடாது. 50 வைத்தால் 48-க்கும் 52-க்கும் நடுவில் இருக்க வேண்டும். (10 வரை மட்டும் போகும் சின்ன ரென்ச்சுக்கு 6 சதம் வரை விட்டிருக்கிறார்கள்.)

பெட்டிக்குள் சோதனைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதில் உள்ள சீரியல் நம்பரும் ரென்ச் உடம்பில் பதித்த நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். ஒன்றில்லை என்றால் அது வெறும் காகிதம்.

நான்காவது கேள்வி: விலை நியாயமா, பில் உண்டா?

கடைக்குக் கடை, மாசத்துக்கு மாசம் விலை மாறும். ஆனாலும் ஆயிரத்துச் சொச்சத்துக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத சாமானைத் தவிர்த்துவிடலாம். நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம் பக்கத்தில் ஸ்டான்லி போன்ற பெயர் தெரிந்த கம்பெனிச் சரக்கு கிடைக்கும். நமக்கு அதுதான் சரி. இங்கிலாந்தின் நார்பார், ஜப்பானின் டோனிச்சி போன்றவை பெரிய ஆலைகளுக்கானவை. தரமானவைதான், ஆனால் நாளைக்கு ஐந்தாறு வண்டி பார்க்கும் கடைக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை, குழுக் கணக்கிலும் காட்ட முடியாது. புதுப்பேட்டைப் பக்கம் பழைய சாமானாக மலிவாக வரும். சாதாரண ஸ்பேனர் என்றால் பழசு வாங்கலாம். அளக்கும் கருவியைப் பழசு வாங்கக் கூடாது. எத்தனை முறை கீழே விழுந்ததோ, யாருக்குத் தெரியும்?

ஐந்தாவது கேள்வி: பின்னால் யார் சரி பார்ப்பார்கள்?

12 மாதத்துக்கு ஒருமுறை, அல்லது 5,000 முறை முடுக்கிய பிறகு, எது முந்துகிறதோ அப்போது மறுபடி சோதிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. கம்பெனியே எடுத்துச் சரி செய்து கொடுக்குமா என்று கடையிலேயே கேளுங்கள். சென்னை கிண்டியில் மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் துறைப் பரிசோதனை மையம் இருக்கிறது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் லேப்களும் உண்டு. டார்க் ரென்ச் எடுப்பார்களா, கட்டணம் எவ்வளவு என்று முதலில் போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. பஸ் செலவு மிச்சம்.

நாமே செய்து பார்க்கும் சின்னச் சோதனை

லேபுக்கு இது ஈடாகாது. ஆனால் ரென்ச் பெரிய அளவில் பொய் சொல்கிறதா என்று இதில் தெரிந்துவிடும்.

தேவையானவை: முத்திரை போட்ட 10 கிலோ எடைக்கல், உறுதியான கயிறு, தையல் டேப், ஒரு வைஸ்.

ரென்ச்சின் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி தரைக்குப் படுக்கையாக வரும்படி வையுங்கள். சதுர முனையின் நடுவிலிருந்து கைப்பிடியில் நாம் பிடிக்கும் இடத்தின் நடுவரை அளந்து பாருங்கள். 40 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே கல்லைத் தொங்க விட்டால் 10 × 9.8 × 0.4, அதாவது 39 நியூட்டன் மீட்டர் வரும். ரென்ச்சின் சொந்த எடையும் இரண்டு, மூன்று சேர்க்கும்.

முதலில் 35 வைத்து, கல்லை மெதுவாகக் கையை விட்டு இறக்குங்கள். 'டிக்' என்று வர வேண்டும். அடுத்து 48 வைத்து இறக்குங்கள். வரக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பயமில்லை. 35-இல் சத்தம் வராவிட்டாலோ 48-இல் வந்துவிட்டாலோ அந்த ரென்ச்சை வண்டியில் வைக்காதீர்கள். உங்கள் ரென்ச்சின் நீளம் வேறாக இருந்தால் அந்த நீளத்தைப் போட்டுக் கணக்கிடுங்கள். கல் காலில் விழாமல், குழந்தைகள் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் 1,400 ரூபாய் ரென்ச்சை இப்படிச் சோதித்தோம். 35 வைத்தபோது சத்தமே இல்லை. வாங்கிய அன்றே செய்து பார்த்திருந்தால் ஒரு மரை பிழைத்திருக்கும்.

கையாளும் முறை

• முதலில் சாதாரண ஸ்பேனரால் நட்டைப் பாதி முடுக்கி, கடைசி இழுப்புக்கு மட்டும் டார்க் ரென்ச் போடுங்கள்.
• கைப்பிடியின் நடுவில் பிடித்து நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். கைப்பிடியில் பைப் மாட்டி நீட்டாதீர்கள்.
• 'டிக்' என்று ஒருமுறை கேட்டதும் நிறுத்துங்கள். "இன்னொரு டிக் வைப்போம், பத்திரமா இருக்கட்டும்" என்பது கூடாது. இரண்டாவது டிக்கில் அளவு கூடிவிடும்.
• நான்கைந்து போல்ட் உள்ள இடத்தில் எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்குங்கள்.
• கழற்றுவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். துருப்பிடித்த நட்டுக்கு முந்நூறு ரூபாய் ஸ்பேனர்தான் சரி.
• வேலை முடிந்ததும் கைப்பிடியை அதன் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பி வையுங்கள். அதற்கும் கீழே திருப்பக் கூடாது. உள்ளே உள்ள ஸ்பிரிங் தளர்ந்து ஓய்வாக இருக்க வேண்டும்.
• பெட்டியிலேயே வையுங்கள். கீழே விழுந்தால் மறுபடி எடைக்கல் சோதனை செய்யாமல் எடுக்காதீர்கள்.
• சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியை 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, நட்டுகளைச் சரி பாருங்கள்.

இன்னொன்று, ஒரு நோட்டுப் போடுங்கள். உங்கள் கடைக்கு அடிக்கடி வரும் பத்து வண்டிகளின் பெயர், எந்தப் போல்ட்டுக்கு எவ்வளவு என்று சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ரென்ச் இருந்தும் நோட்டு இல்லையென்றால், தராசு இருந்தும் விலை தெரியாத கடை மாதிரிதான்.

குழு எப்படி முடிவெடுக்கலாம்?

ஐயாயிரம் ரூபாய் உள்கடன், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 500 அசல். வட்டி முதல் மாதம் 50, அடுத்த மாதம் 45 என்று குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் 5. மொத்த வட்டி 275 ரூபாய். அதுவும் நம் குழுவுக்குத்தான் வருகிறது. ஒரு இன்ஜின் மரை போனால் ஆகும் செலவையும், வராமல் போகும் வாடிக்கையாளரையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடன் கேட்கும் உறுப்பினரிடம் குழு மூன்று கேட்கலாம். என்ன வேலைக்கு, எந்த அளவு ரென்ச்? பில்லும் சான்றிதழும் கொண்டுவந்து காட்டுவாயா? ஒரு வருஷம் கழித்துச் சோதனை செலவுக்கு என்ன ஏற்பாடு? மாதம் நூறு ரூபாய் தனியாக எடுத்து வைத்தாலே கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

வண்டி வைத்திருக்கும் மற்ற சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. எந்தக் கடையில் சர்வீஸ் விட்டாலும், "சக்கர நட்டுக்கு டார்க் வெச்சீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. நாலு பேர் கேட்டால்தான் கடைக்காரர்களும் அளந்து முடுக்கப் பழகுவார்கள்.

புள்ளலூரில் என்ன ஆச்சு?

அன்றைக்கு "ஒரு ஸ்பேனருக்கு ஐயாயிரமா" என்று கேட்ட அக்காதான் இந்த மாதக் கூட்டத்தில் தீர்மானத்தை முன்மொழிந்தார். நாங்கள் போனபோது எடைக்கல் சோதனையைக் கொட்டகை வாசலில் எல்லோர் எதிரிலும் செய்து காட்டினோம். புது ரென்ச் 35-இல் 'டிக்' என்றது. 48-இல் வாய் திறக்கவில்லை. அக்கா தானும் ஒரு நட்டை முடுக்கிப் பார்த்தார். சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிட்டு, "இவ்ளோதானா? இதுக்குப் பலமே வேணாம் போலயே" என்றார்.

அங்கன்வாடி அம்மா மறுபடி அந்தக் கடைக்கே வண்டியை விட்டிருக்கிறார். இந்த முறை போல்ட் மேல் மஞ்சள் பெயின்ட்டில் ஒரு சின்னக் கோடு இருந்தது.

நினைவில் வைக்க:
1. வேலைக்கு ஏற்ற அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே ரென்ச் கிடையாது.
2. மேல் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பாதே.
3. சான்றிதழ் நம்பரும் ரென்ச் நம்பரும் ஒன்றாக இருக்கட்டும்.
4. ஒரு டிக் போதும்.
5. வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பிப் பெட்டியில் வை.

(ஊக்குநர்களும் பிரதிநிதிகளும் இதை அடுத்த குழுக் கூட்டத்தில் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். உங்கள் ஊரில் கருவி வாங்கி ஏமாந்த அனுபவமோ, நன்றாக அமைந்த அனுபவமோ இருந்தால் எழுதி ஊக்குநரிடம் கொடுங்கள்.)